சோப்புத் தட்டின் சரியான நிறம்

ஜூன் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை, ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையின் தர ஆய்வாளர் தன் வீட்டுக் குளியலறையில், தொழிற்சாலையின் மாஸ்டர் சாம்பிள் மீது நீல நிறத் துணி சோப்பு ஒன்று இருப்பதைப் பார்த்தார்.

அவர் கத்தவில்லை. வாயில் பிரஷ் இருந்தது.

"இதை யாரு இங்க வெச்சது?" என்று நுரையோடு கேட்டார்.

"எதை?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

"இதை!"

கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "சோப்பு டப்பாதானே? நான்தான் வெச்சேன்."

"இது சோப்பு டப்பா இல்ல."

"பின்ன என்ன? வாஷிங் மெஷின்ல சோப்புத்தூள் போடற தட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க. சோப்பு போடற தட்டுல சோப்பு வெச்சேன். அதுல என்ன குத்தம் கண்டுட்டீங்க?"

அந்தத் தட்டை ஆய்வாளர் லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார். ஒன்றிலாவது சோப்பு இருந்து பார்த்ததில்லை.

அவருடைய தொழிற்சாலை, வாஷிங் மெஷின் செய்யும் ஒரு பெரிய கம்பெனிக்குச் சோப்புத் தட்டு வார்த்துக் கொடுக்கிறது. தட்டு வெள்ளையாக இருக்க வேண்டும். ஆனால் வெறும் வெள்ளை இல்லை. 'முத்து வெள்ளை' என்று பெரிய கம்பெனி அதற்குப் பெயர் வைத்திருந்தது. எது முத்து வெள்ளை என்பதில் பின்னால் சண்டை வரக் கூடாது என்பதற்காக, ஒப்பந்தம் போட்ட அன்றே இரண்டு தட்டுகளைத் தேர்ந்தெடுத்து, பின்பக்கம் நனைந்தாலும் வராத ஸ்டிக்கர் ஒட்டி, இரு தரப்பும் அழியாத மையில் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்று இங்கே, ஒன்று அங்கே. அவைதான் மாஸ்டர் சாம்பிள். நிறத்தை அளக்கக் கருவிகள் வந்து வெகு காலமாகிவிட்டது. ஆனாலும் ஒப்பந்தத்தில், நிறம் பற்றிய எந்தத் தகராறிலும் மாஸ்டரே இறுதி என்று எழுதியிருந்ததால் யாரும் கருவியைத் தேடவில்லை.

தினமும் காலையில் மெஷினிலிருந்து விழும் முதல் தட்டை மாஸ்டரின் பக்கத்தில் வைத்து, வெள்ளை விளக்கின் கீழ், ஆய்வாளர் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். ஒரு முறை. பிறகு விளக்கை அணைத்துப் போட்டு இன்னொரு முறை. பிறகு தள்ளி நின்று. அவர் தலையாட்டினால்தான் மெஷின் ஓடும். தொழிற்சாலையில் அவருக்கு 'சந்தேகம்' என்று பெயர். நேரில் 'சார்' என்பார்கள்.

மாஸ்டருக்கு அவர் செய்துவைத்த ஏற்பாடுகள் பல. இருட்டு அலமாரி. கறுப்புத் துணி. இரண்டு சாவி, ஒன்று அவரிடம், ஒன்று ஃபோர்மேனிடம். கையுறை இல்லாமல் யாரும் தொடக் கூடாது. ஒருநாள் வெறும் விரலால் தொட்டுவிட்ட ஃபோர்மேனுக்கு மெமோ கொடுத்தார். 'மாஸ்டர் சொல்வதே முடிவு' என்று அச்சடித்து, கீழே தன் கையெழுத்தையும் போட்டுச் சுவரில் ஒட்டினார்.

போன வாரம் அந்தத் தர ஆய்வு அறைக்குப் பெயின்ட் அடித்தார்கள். பெரிய கம்பெனியில் மெஷின் பராமரிப்புக்காக வேலையை நிறுத்தியிருந்ததால் தட்டு வார்ப்பும் இல்லை. பெயின்ட் புகை பட்டு மாஸ்டரின் நிறம் மாறிவிடுமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். கணக்குப் பிரிவு பீரோவில் வைக்கலாம் என்றார்கள். அங்கே சிகரெட் பிடிப்பார்கள். கடைசியில், உலகத்திலேயே பாதுகாப்பான இடம் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தன் சட்டைகளுக்கு அடியில் வைத்தார்.

"பீரோவை ஒழிச்சேன்," என்றாள் மனைவி. "கறுப்புத் துணியில ஏதோ சுத்தி வெச்சிருந்தீங்க. பார்த்தா அழுக்கா ஒரு தட்டு. பிளீச்சிங் பவுடர்ல ஊறப் போட்டு, தேய்ச்சு, மாடியில வெயில்ல காயவெச்சேன். எப்படிப் பளிச்சுனு ஆயிடுச்சு பாருங்க!"

"அது அழுக்கு இல்லம்மா. அதுதான் அதோட கலரு."

"பழுப்பா இருந்துச்சுங்க."

"பழுப்பு இல்ல. முத்து வெள்ளை."

"முத்து அப்படியா இருக்கும்? நம்ம வீட்டுல ஒரு முத்து இருந்திருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும்."

ஆய்வாளர் பிரஷை வைத்துவிட்டு, கவிழ்த்திருந்த வாளி மீது உட்கார்ந்தார். வியாழக்கிழமை பெரிய கம்பெனியின் தர அதிகாரி வருகிறார். போன வாரம் அவரே போன் செய்திருந்தார். "உங்க மாஸ்டர் பத்திரமா இருக்கா? பத்திரமாத்தானே இருக்கு? நேர்ல வந்து பார்க்கணும். மத்த எதுவும் பார்க்க வேண்டாம். மாஸ்டர் மட்டும்." பத்திரமா என்ற சொல்லை அவர் இரண்டு முறை சொன்னார். புது மாடல் மெஷினுக்கான ஆர்டரை யாருக்குக் கொடுப்பது என்று அங்கே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது முதலாளி வரை தெரியும். மாஸ்டரைக் கெடுத்தவர்களுக்கு ஆர்டர் இல்லை என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

"உங்க வேலை போயிடுமா?" மனைவியின் குரல் இறங்கியிருந்தது.

"என் வேலையோட போனாப் பரவாயில்ல. அந்த ஆர்டர் போச்சுன்னா பாதி மெஷின் நிக்கும். மெஷின் நின்னா ஆளுங்களும் நிக்க வேண்டியதுதான்."

"இவ்ளோ பெரிய சமாசாரத்தை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சம்பந்தமில்லாதவங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு விதிமுறை."

"நான் சம்பந்தமில்லாதவளா?"

முதல் பிரச்சினை முடிவதற்குள் இரண்டாவதைத் திறந்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது.

கோபித்துக்கொண்டாலும் அவள் கைவிடவில்லை. "வெள்ளைத் துணியில டீ கொட்டினா ஏழு ஜென்மத்துக்கும் போகாது. இதையும் டீயில போட்டுப் பார்ப்போம்," என்று ஒரு பாத்திரம் நிறையக் கடுந்தேநீர் வைத்து, தட்டை அதில் மூழ்கடித்தாள். ஆய்வாளர் அலுவலகத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, அடுப்பருகிலேயே நின்றார். எடுத்துப் பார்த்தபோது நிறம் ஏறவில்லை. வாசனை ஏறியிருந்தது.

"சரி, என் தம்பியைக் கூப்பிடறேன்."

"வேண்டாம்மா."

"அவன் கலர்லயே வளர்ந்தவன்."

மைத்துனன் பழைய மேசை நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடும் கடை வைத்திருந்தான். வந்தவன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதெல்லாம் ஒரு மேட்டரா, அத்தான்?" என்றான்.

அப்படிச் சொல்பவர்களைக் கண்டால் ஆய்வாளருக்குத் தொழில்ரீதியாகவே ஒரு பயம் உண்டு. ஆனால் வேறு வழி தெரியவில்லை.

மைத்துனன் வார்னிஷில் எதையோ விட்டுக் கலக்கி, துணியில் தொட்டு, தட்டின் மேல் ஒரு கை இழுத்தான். ஆய்வாளர் ஜன்னலோரம் எடுத்துப் போய்ப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதே முத்து வெள்ளை.

"நிறுத்து! போதும்! இதேதான், மாப்ளே!"

"இருங்க அத்தான். இதோட விட்டா நாளைக்கே வெளுத்துடும். இன்னொரு கை போட்டாத்தான் நிக்கும்."

"வேண்டாம்னு சொல்றேன்ல..."

அதற்குள் போட்டுவிட்டான்.

"காயும்போது கொஞ்சம் ஏறும்," என்றான்.

"எவ்வளவு ஏறும்?"

"கொஞ்சம்."

மதியம் பழுத்த எலுமிச்சை நிறம் வந்தது. சாயங்காலத்துக்குள் தேன் நிறம். அத்துடன் நின்றது.

"பார்க்க நல்லாத்தான் இருக்கு," என்றாள் மனைவி, ஆறுதலாக. "நம்ம வீட்டு நாற்காலிக்குச் சேரும்."

"மாப்ளே, இதை எடுத்துடு."

"அத்தான், நம்ம வேலை அப்படி லேசுல போற வேலை இல்ல," என்றான் மைத்துனன், சற்று மனம் புண்பட்டு. "தின்னர் போட்டா வார்னிஷ் போகும். கூடவே தட்டும் போகும்."

செவ்வாய்க்கிழமை காலை முதலாளி போன் செய்தார். "ரூம் ரெடி. நான் வர்றதுக்குள்ள மாஸ்டரை அதோட இடத்துல வெச்சிருங்க. வியாழக்கிழமை நினைப்பாவே இருக்கு எனக்கு." ஆய்வாளர் மாஸ்டரைக் கறுப்புத் துணியில் சுற்றி எடுத்துப்போய் அலமாரியில் வைத்தார். துணி இடைப்பட்ட நாட்களில் மிக்சியை மூடியிருந்ததால் மிளகாய் நெடி அடித்தது. முதலாளி மூட்டையைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பிளாஸ்டிக்கைக் கரைக்காமல் வார்னிஷை மட்டும் எடுக்கும் திரவம் ஒரு கடையில் இருப்பதாக மைத்துனன் சொல்லியிருந்தான். ஆய்வாளர் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அதைத் தேடிப் போனார்.

திரவம் கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது தொழிற்சாலை வாசலிலேயே அவருக்குக் கால் தயங்கியது. தட்டு மெஷினின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைத் தூக்கத்திலும் அடையாளம் சொல்வார்.

பெரிய கம்பெனியில் பராமரிப்பு ஒரு நாள் முன்னதாகவே முடிந்து, தட்டு அவசரமாக வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஃபோர்மேன் எதிரே வந்தார். முகத்தில் வெற்றிக்களை.

"சார், காலையில பெரிய கண்டம் தப்பிச்சுது. நல்ல வேளை நான் இருந்தேன்."

"என்னாச்சு?"

"முதல் பீஸை எடுத்து, உங்க விதிப்படி மாஸ்டர் பக்கத்துல வெச்சேன். அதிர்ந்து போயிட்டேன் சார்! பீஸ் வெள்ளை வெளேர்னு இருக்கு. மாஸ்டர் எங்க, இது எங்க! இவ்ளோ நாளா எதைப் பார்த்து அனுப்பினோம்னே தெரியல. உடனே மெஷினை நிறுத்திட்டேன். கலர் குருணையை மாத்தி மாத்திப் போட்டு, மதியம்தான் ஒத்து வந்துச்சு. வந்து பாருங்க."

ஆய்வாளர் பார்த்தார். தேன் நிற மாஸ்டரும் தேன் நிறத் தட்டும் விளக்கின் கீழ் இரட்டைப் பிள்ளைகள் போலக் கிடந்தன. விளக்கை அணைத்துப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். தன் அனுபவத்தில் அவ்வளவு துல்லியமான பொருத்தத்தை அவர் கண்டதில்லை.

"கையுறை போட்டீங்களா?" என்று பலவீனமாகக் கேட்டார்.

"ரெண்டு ஜோடி போட்டேன் சார். ஒண்ணு மாஸ்டருக்கு. ஒண்ணு உங்களுக்கு."

"மெஷினை நிறுத்துங்க."

"ஏன் சார்?"

"கலர் சரியில்ல."

ஃபோர்மேன் சுவரைக் காட்டினார். மாஸ்டர் சொல்வதே முடிவு. "கீழ உங்க கையெழுத்து, சார்."

"நான் சொல்றேன், நிறுத்துங்க."

"தாராளமா நிறுத்திடறேன். ரிஜெக்ட் சீட்டு மட்டும் எழுதிக் குடுத்துடுங்க. சீட்டு இல்லாம மெஷினை நிறுத்தக் கூடாதுன்னு போன வருஷம் நீங்கதான் சுற்றறிக்கை விட்டீங்க. காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல என்ன எழுதப் போறீங்க?"

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். மாஸ்டரோடு பொருந்தவில்லை என்று எழுத முடியாது, பொருந்துகிறது. மாஸ்டர் சரியில்லை என்று எழுதலாம்; எழுதினால், ஏன் சரியில்லை, எப்போதிலிருந்து, யாரால் என்று அடுத்தடுத்து ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். அந்த ஐந்து கேள்வி முறையைக் கொண்டுவந்ததும் அவர்தான். பேனாவை மூடினார். வாசலில் லாரி வந்து நின்று ஹார்ன் அடித்தது. நேரத்துக்குச் சரக்கு போய்ச் சேராவிட்டால் அதற்கு வேறு ஒரு கரும்புள்ளி உண்டு என்பதால் முதலாளியே வெளியே வந்து பெட்டிகளை ஏற்றச் சொன்னார்.

லாரி போய்விட்டது.

அன்று மாலை வீட்டில், ஆய்வாளர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். லாரியில் போய்விட்ட லாட்டுக்கு எதுவும் செய்ய முடியாது. அதிகாரி கண்ணில் படப்போகும் மாஸ்டராவது சரியாக இருக்கட்டும். அலமாரியிலிருந்த மாஸ்டரோடு, போன மாதத் தட்டு ஒன்றையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அசல் முத்து வெள்ளை. கையெழுத்து ஸ்டிக்கரை மட்டும் பழையதிலிருந்து எடுத்து இதில் ஒட்டினால் போதும்.

"தப்பு இல்லையா?" என்றாள் மனைவி.

"தப்புதான்."

"அப்புறம்?"

அவர் ஸ்டிக்கரின் ஓரத்தை விரலால் சுரண்டத் தொடங்கினார். அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கெட்டிலில் தண்ணீர் வைத்தாள். "குடுங்க. நீங்க கிழிச்சுடுவீங்க. புதுப் பாத்திரத்துல விலை ஸ்டிக்கர் எடுக்கிறதுல எனக்கு இருக்கிற அனுபவம் உங்க கம்பெனியில யாருக்கும் கிடையாது." ஆவியில் காட்டி, நகத்தால் நுனியைத் தூக்கி, முழுசாக உரித்து எடுத்தாள். ஆய்வாளர் சாப்பிடவில்லை. எதற்கும் கையெழுத்துப் போடும் முன் மூன்று தரம் யோசிப்பவர், இப்போது இரண்டு பேரின் கையெழுத்தை இடம் மாற்றிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலை புது மாஸ்டர் அலமாரிக்குப் போனது. பழையதை ஒரு பைக்குள் போட்டு மேசைக்கு அடியில் தள்ளினார். அரை மணி நேரம் எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு முதலாளி, நாளைய வருகைக்கு ஒத்திகை பார்க்கலாம் என்று வந்தார். அலமாரியைத் திறக்கச் சொன்னார். மாஸ்டரை மேசை மீது வைக்கச் சொன்னார். நேற்று அனுப்பிய லாட்டிலிருந்து எடுத்துவைத்த ஒரு தட்டை அதன் பக்கத்தில் வைத்தார்.

"இது என்ன?" என்றார். பிறகு, "அது என்ன?" என்றார்.

ஆய்வாளர் மேசைக்கு அடியில் இருந்த பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினார்.

"எனக்கே வித்தியாசம் தெரியுதுன்னா அவங்களுக்குத் தெரியாதா? யாரு இந்தக் கலரைக் கலந்தது?"

ஃபோர்மேன் வந்தார். மாஸ்டரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "நேத்து இது இப்படி இல்லையே, முதலாளி."

"மாஸ்டர் ஒரே நாள்ல கலர் மாறுமா?"

"நான் பார்த்துத்தான் கலந்தேன். பக்கத்துல வெச்சு, விளக்கு போட்டு, சார்கூட வந்து பார்த்தாரு..."

"அப்ப உங்க கண்ணுல கோளாறு."

மெமோவுக்குக் கூட அசையாத ஃபோர்மேன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கண்ணுதான் போல," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. "வீட்டுல சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாங்க. காலுக்கு ஒரு கலர்ல சாக்ஸ் போட்டுக்கிட்டுப் போறேன்னு. நான்தான் கேக்கல."

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெட்டவர் இல்லை; பயந்திருந்தார். "நாளைக்கு அந்த அதிகாரி என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு கேப்பாரு. ஏதாவது ஒண்ணைக் காட்டியாகணும். நீங்க நாளையிலேர்ந்து வர வேண்டாம். என்னை மன்னிச்சுக்குங்க."

ஃபோர்மேன் எழுந்து, பாக்கெட்டிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்தார். அதை மேசையில் வைக்காமல் ஆய்வாளரிடம் நீட்டினார். "ஒரு ஜோடிக் கையுறையும் என்கிட்ட இருக்கு சார். துவைச்சுக் குடுத்துடறேன்."

"முதலாளி," என்றார் ஆய்வாளர். "அவரு கண்ணு நல்லாத்தான் இருக்கு."

மேசைக்கு அடியிலிருந்து பையை எடுத்தார். தேன் நிற மாஸ்டரை வெளியே வைத்தார். பெயின்ட் புகையிலிருந்து தொடங்கி, பீரோ, பிளீச்சிங் பவுடர், சோப்பு, தேநீர், மைத்துனன், இரண்டாவது கை, ஸ்டிக்கர் என்று எதையும் விடாமல் சொன்னார். அறிக்கை எழுதிப் பழகியவர் என்பதால் வரிசை தப்பவில்லை.

முதலாளி தேன் நிறத் தட்டைத் தூக்கி மூக்கருகே வைத்து முகர்ந்தார். "குளிக்கிற சோப்பா, துணி சோப்பா?" என்று கேட்டார்.

"துணி சோப்பு."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப என் கண்ணுல ஒண்ணும் இல்லையே?" என்றார் ஃபோர்மேன்.

"இல்ல. என்னை மன்னிச்சுடுங்க."

"அதுபோதும் சார்." சாவியைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். கதவு வரை போனவர் திரும்பினார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்க வீட்டம்மா சோப்பு வைக்கும்போது கையுறை போட்டிருந்தாங்களா?"

முதலாளி கண்ணைத் திறந்தார். "நீங்க உடனே பெரிய கம்பெனிக்குக் கிளம்புங்க," என்றார் ஆய்வாளரிடம். "யாரு கையைக் காலைப் பிடிப்பீங்களோ தெரியாது. அந்த லாட்டைத் திருப்பி எடுத்துட்டு வாங்க. அந்த அதிகாரி நாளைக்கு இங்க வர்றதுக்குள்ள, அவங்க இடத்துல அந்தக் கலர்ல ஒரு தட்டுகூட இருக்கக் கூடாது. முடியலைன்னா அங்கேர்ந்து அப்படியே வீட்டுக்குப் போயிடுங்க."

பெரிய கம்பெனியின் சரக்கு வரவுக் கொட்டகையில், வரும் பாகங்களைச் சோதிக்கும் பெண் ஆய்வாளர் ஒருவர் இருந்தார். மயிரிழைக் கீறல் இருந்தால்கூட லாட்டையே திருப்பி அனுப்பிவிடுவார் என்று பெயர். பாகம் கொண்டுவரும் லாரி டிரைவர்கள் அவர் இருக்கிற பக்கம் ஹார்ன் அடிக்க மாட்டார்கள். ஆய்வாளர் போனில்தான் அவரிடம் பேசியிருக்கிறார், அதுவும் திட்டு வாங்குவதற்கு.

"நேத்து சாயங்காலம் வந்த சோப்புத் தட்டா? காலையிலேயே பாஸ் பண்ணிட்டேனே," என்றார் அவர்.

"பாஸா?"

"ஏன், பண்ணக் கூடாதா?"

"கலர் பார்த்தீங்களா, மேடம்?"

"பார்க்காம பண்ணுவேனா? மாஸ்டரோட அச்சு அசலா ஒத்துப்போச்சு."

ஆய்வாளர் சுற்றுமுற்றும் பார்த்து, ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தார். "மேடம், தயவு செஞ்சு அதை ரிஜெக்ட் பண்ணிடுங்க."

அவர் கண்ணாடியை இறக்கி ஆய்வாளரைப் பார்த்தார். "எத்தனையோ சப்ளையருங்க இந்த இடத்துல வந்து அழுதிருக்காங்க சார். எல்லாரும் பாஸ் பண்ணுங்கன்னுதான் அழுவாங்க."

"அது தேன் கலர்ல இருக்கு மேடம்!"

"சரி, இருக்கட்டும்."

"உங்க மெஷின் வெள்ளைக் கலர்!"

அந்த நேரம் பார்த்து ஒரு தள்ளுவண்டி அவர்களைக் கடந்தது. அதில் பளபளவென்று ஒரு புது வாஷிங் மெஷின். வெள்ளைச் சட்டைக்குப் பழுப்புத் துணியில் பை வைத்துத் தைத்ததுபோல, அதன் நெற்றியில் தேன் நிறத் தட்டு. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போட ஆரம்பிச்சுட்டாங்களா?" ஆய்வாளர் பெட்டியிலிருந்து பாதி எழுந்தார்.

"காலையிலேர்ந்து ஓடுது. புது டிசைன் போலிருக்குன்னு பேசிக்கிட்டாங்க. எடுப்பா இருக்குன்னுகூட ரெண்டு பேர் சொன்னாங்க."

ஆய்வாளர் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். இந்த முறை வரிசை தப்பியது. மைத்துனன் முதலில் வந்தான், சோப்பு கடைசியில் வந்தது. பைக்குள்ளிருந்து பழைய மாஸ்டரை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இதைப் பார்த்துத்தான் எங்க ஆளு கலந்தாரு. தப்பு முழுக்க என்னோடது. ஃபோர்மேனோ எங்க முதலாளியோ ஒண்ணும் பண்ணல. நீங்க உங்க மாஸ்டரை எடுத்து இது பக்கத்துல வெச்சுப் பாருங்க. சின்னப் பிள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரியும்."

அவர் அசையவில்லை.

"மேடம், உங்க மாஸ்டரை எடுங்க."

"அதெல்லாம் பார்த்தாச்சுன்னு சொல்றேன்ல."

"எப்படிப் பார்த்தீங்க? உங்க மாஸ்டர் முத்து வெள்ளை. நானே என் கையால கறுப்புத் துணியில சுத்திக் குடுத்தது! அதுவும் இதுவும் ஒத்துப்போகவே போகாது. எடுங்க மேடம், இப்பவே எடுங்க!"

கொட்டகையில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெண் ஆய்வாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, நாற்காலியை ஆய்வாளருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார். எங்க மாஸ்டர் தொலைஞ்சு ரெண்டு வருஷமாச்சு. நீங்க இருக்கீங்க, எப்படியும் சரியாத்தான் அனுப்புவீங்கன்னு, உங்க பெட்டியில மேல இருக்கிற பீஸைத்தான் மாஸ்டரா வெச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கோம். நாளைக்கு எங்க அதிகாரி அங்க வர்றதே உங்களுதை எப்படியாவது கெஞ்சி வாங்கிட்டு வரத்தான்."